ஜூரிச்சில் கடைசி மூன்று நாட்கள்: தனியாகச் சுற்றுபவருக்கு ஒரு வழிகாட்டி

ஐரோப்பாவைத் தனியாகச் சுற்றிவிட்டு ஜூரிச்சிலிருந்து ஊர் திரும்புபவர்கள் நம்மில் நிறையப் பேர். பயணம் முடியப் போகிறது, கையிருப்பும் கரைந்துவிட்டது, அந்த நேரம் பார்த்து உலகிலேயே விலை அதிகமான நகரங்களில் ஒன்றில் வந்து நிற்கிறோம். ஒரு காபி 5, 6 பிராங்க். ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல். சாதாரண உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு தட்டு 25 முதல் 35 பிராங்க் வரை போகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் சிலர் விடுதி அறையிலேயே முடங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் ‘இனி எப்போது வரப் போகிறோம்’ என்று மிச்சப் பணத்தை எல்லாம் ஒரே பனிமலைப் பயணத்தில் கொட்டிவிடுகிறார்கள்.

இரண்டுமே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ஜூரிச்சில் பார்க்கத் தகுந்தவற்றில் பாதி இலவசம், மீதியில் பெரும்பகுதி டிராம் டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். கடைசி நாட்களைக் கெடுப்பவை பெரும்பாலும் சில்லறை விஷயங்கள்: ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் கடைகள், மண்டலம் மாறிப்போன டிக்கெட், வாங்க மறந்த வரி முத்திரை, சட்டைப்பையில் தங்கிப்போன நாணயங்கள். இவற்றை முதலிலேயே ஒழுங்குபடுத்திவிட்டால் மிச்ச நேரம் முழுக்க உங்களுடையது.

முதலில் விமானத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

காகிதமோ போனோ எடுத்து, கடைசி நாளின் விமான நேரத்தை மேலே எழுதி, அங்கிருந்து கீழே இறங்கி வாருங்கள். மூன்று நாளும் என்னென்ன கிழமை என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

ஞாயிறன்று நகரத்தில் கடை கிடையாது. பெரிய கடை, சின்னக் கடை, சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும். திறந்திருப்பவை மத்திய ரயில் நிலையத்துக்குள்ளும் விமான நிலையத்துக்குள்ளும் உள்ள கடைகள்தான். ரயில் நிலையத்தை எல்லாப் பலகைகளிலும் ‘எச்பி’ என்று சுருக்கியே எழுதியிருப்பார்கள், அதையே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலைக்குள் வாங்க வேண்டியதை வாங்கிவிட்டால், ஞாயிறை நடப்பதற்கும் மலைக்கும் முழுதாக ஒதுக்கலாம்.

திங்களன்று குன்ஸ்ட்ஹவுஸ் கலைக்கூடத்துக்கும், ரயில் நிலையத்தை ஒட்டிய தேசிய அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை. புதன்கிழமை உங்கள் கணக்கில் வந்தால் அதிர்ஷ்டம்தான். குன்ஸ்ட்ஹவுஸின் நிரந்தரத் தொகுப்பை அன்று கட்டணமின்றிப் பார்க்கலாம். மோனேயின் பெரிய அல்லிக்குளங்கள், எட்வர்ட் முங்க்கின் ஓவியங்கள், ஆல்பெர்ட்டோ ஜியாகொமெட்டியின் ஒடிசலான சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஏரிக்கரையில் பூர்க்லிபிளாட்ஸில் காய்கறிச் சந்தை கூடும். பதினொரு மணிக்குள் கலைந்துவிடும்.

விசாவையும் இந்த நேரத்திலேயே எடுத்துப் பாருங்கள். ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கான பொது விசா) கணக்கில் நுழையும் நாளும் ஒரு நாள், வெளியேறும் நாளும் ஒரு நாள். ஸ்டிக்கரில் 15 நாள் என்றிருந்தால் பதினைந்தாம் நாள் நள்ளிரவுக்குள் நீங்கள் குடிவரவைத் தாண்டியிருக்க வேண்டும். ஜூரிச்சிலிருந்து துபாய், தோஹா, அபுதாபி வழியாகச் சென்னை செல்பவர்கள் ஜூரிச்சிலேயே வெளியேறுகிறார்கள். பிராங்க்ஃபர்ட் அல்லது பாரிஸ் வழியாகச் செல்பவர்கள் வெளியேறுவது அந்த விமான நிலையத்தில்தான். அங்கே நள்ளிரவைத் தாண்டிக் காத்திருக்கும்படி இருந்தால் ஒரு நாள் கூடிவிடும். இதை விடுதியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது நல்லது.

டிக்கெட்: மண்டலம் புரிந்தால் போதும்

டிராம், பஸ், உள்ளூர் ரயில், ஆற்றுப் படகு எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். நகரம் முழுவதும் 110ஆம் மண்டலம். விமான நிலையம் 121. ஊட்லிபெர்க் மலை இதற்கெல்லாம் வெளியே வேறு மண்டலம். எங்கும் தடுப்புக் கதவு இருக்காது, யாரும் ஏறும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள். திடீரென்று சாதாரண உடையில் ஒருவர் எழுந்து அட்டையைக் காட்டிச் சோதிப்பார். டிக்கெட் இல்லாவிட்டால் சுமார் 100 பிராங்க் அபராதம். தப்பான மண்டலத்து டிக்கெட் வைத்திருந்தாலும் அபராதம்தான், வெளிநாட்டுக்காரர் என்ற சலுகை கிடையாது.

தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கணக்கு உண்டு. 24 மணி நேர டிக்கெட்டின் விலை, ஒரு தனிப் பயண டிக்கெட்டைப் போல் இரண்டு மடங்கு. போக ஒன்று, வர ஒன்று என்று வாங்கும் பணத்திலேயே ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம். நகரத்துக்குள் மட்டும் என்றால் சுமார் 9 பிராங்க். அது நள்ளிரவோடு முடிவதில்லை, வாங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் செல்லும். முதல் நாள் பதினொரு மணிக்கு வாங்கினால் மறுநாள் காலை பத்தரைக்குக்கூட அதிலேயே டிராம் ஏறலாம்.

மலைக்கும் விமான நிலையத்துக்கும் ஒரே 24 மணி நேரத்துக்குள் போகிறீர்கள் என்றால் ‘ஜூரிச் கார்டு’ என்ற சுற்றுலா அட்டையின் விலையைப் பாருங்கள். ஒரு நாளுக்குச் சுமார் 30 பிராங்க். விமான நிலையம், ஊட்லிபெர்க், ஃபெல்செனெக் ரோப்கார், ஏரியின் சின்னப் படகுச் சுற்று எல்லாம் அதில் அடக்கம். தேசிய அருங்காட்சியகமும் சேர்ந்தால் கட்டாயம் லாபம். வெறுமனே பழைய நகரத்தில் நடக்கப் போகிறவருக்கு அது வீண். பாசல், பெர்ன், ஜெனீவா நகரங்களில் விடுதியிலேயே இலவசப் பயண அட்டை கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கே கேட்காதீர்கள், ஜூரிச்சில் அது இல்லை.

வயிற்றுப்பாடு

தண்ணீருக்கு ஒரு ரப்பன்கூட (பிராங்கின் நூறில் ஒரு பங்கு) செலவழிக்க வேண்டாம். இந்த நகரத்தில் 1,200க்கும் மேற்பட்ட நீரூற்றுகள் தெருவோரமாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. சிங்கத் தலையின் வாயிலிருந்தோ பித்தளைக் குழாயிலிருந்தோ இரவு பகலாகக் குளிர்ந்த நீர் விழும். அப்படியே குடிக்கலாம். ‘கைன் டிரிங்க்வாசர்’ என்ற பலகை இருந்தால் மட்டும் தொடாதீர்கள், அது குடிநீர் அல்ல என்று பொருள். உணவகத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் சில இடங்களில் அதற்கும் பில் போடுவார்கள். உட்காரும் முன் விலைப்பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு மிக்ரோ, கூப் என்ற இரண்டு பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள்தான் தனியாள் பயணிக்குத் துணை. பெயர்ப் பலகையில் முதல் கடையை ‘மிக்ரோஸ்’ என்று படிப்பீர்கள், ஊர்க்காரர்கள் வாயில் அது மிக்ரோ. ரொட்டி, தயிர், பழம், பாலாடைக்கட்டி வாங்கினால் 10 பிராங்குக்குள் ஒரு வேளை நிறையும். மாலையில் கடை மூடுவதற்குச் சற்று முன் போனால், அன்றே விற்றாக வேண்டிய சாலட், சாண்ட்விச், பிரெட் வகைகளில் 25 சதவீதம், 50 சதவீதம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஊர்க்காரர்களும் அதற்காகவே வருகிறார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. இரண்டு நிறுவனங்களுக்கும் தட்டேந்திச் சாப்பிடும் சுயசேவை உணவகங்கள் உண்டு. சூடான சாப்பாடு வேண்டுமென்றால் மற்ற உணவகங்களைவிட அங்கே மலிவு.

சைவம் சாப்பிடுபவர்கள் ஒரு வேளையாவது ஹில்ட்டல் போய்ப் பாருங்கள். 1898இல் தொடங்கியது. இடைவிடாமல் நடந்துவரும் உலகின் மிகப் பழைய சைவ உணவகம் என்று கின்னஸ் அதை அங்கீகரித்திருக்கிறது. பஃபேயில் இந்திய வகைகளும் இருக்கும். தட்டை எடை போட்டுத்தான் விலை சொல்வார்கள் என்பதால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: சோறு, உருளைக்கிழங்கு, குழம்பு எல்லாம் கனம். கீரை, வறுவல், கத்தரிக்காய் வகைகளை எடுத்து, சோற்றைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டால் அதே பணத்துக்கு நிறைய ருசி பார்க்கலாம். அசைவக்காரர்கள் பெல்வூ சதுக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிடும் பிராட்வுர்ஸ்ட் என்ற வாட்டிய சாசேஜ் பிரபலம். ஆனால் வெள்ளையாக இருக்கும் சாங்க்ட் காலன் வகையில் கன்றுக்குட்டி இறைச்சி இருக்கும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கேட்டு வாங்குங்கள்.

இட்லி, இடியப்பம் என்று நாக்கு ஏங்கினால் அதற்கும் வழி உண்டு. 1980களில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக ஸ்விட்சர்லாந்தில் இன்று சுமார் 50,000 தமிழர்கள் இருக்கிறார்கள். முதலில் வந்தவர்களில் பலர் உணவக அடுப்படிகளில் உழைத்தவர்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் லாங்ஸ்ட்ராசே வட்டாரத்தில் ஆசியக் கடைகளுக்கு நடுவே தமிழ்ப் பலகைகள் தென்படும். கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸும் வடையும் அடுக்கியிருக்கும். “அண்ணா, கொத்து இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். “இருக்கு, உறைப்பு எப்படிப் போடுறது?” என்று பதில் வரும். தனியாக அலைந்த வாரங்களுக்குப் பிறகு தமிழில் வரும் அந்தப் பதிலுக்காகவே நான் அந்தப் பக்கம் போகச் சொல்வேன். இரவில் அந்தத் தெரு குடிக்கூடங்களும் கூச்சலுமாக மாறிவிடும். தனியாகப் போகும் பெண்கள் பகலிலோ மாலைத் தொடக்கத்திலோ போய்வருவது நிம்மதி.

டிப்ஸ் பற்றி ஒரு வரி. 1974 முதல் சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்துவிட்டது. முழு பிராங்குக்குச் சேர்த்துக் கொடுத்தால் போதும், கொடுக்காவிட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை.

பழைய நகரம்: காசில்லாத ஒரு நாள்

எச்பியிலிருந்து வெளியே வந்து, பான்ஹோஃப்ஸ்ட்ராசேயின் கடிகாரக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நேராகப் போகாமல், இடது பக்கம் ஆற்றங்கரைக்குத் திரும்புங்கள். பான்ஹோஃப்கே என்ற அந்தக் கரையில் நகரக் காவல்துறையின் தலைமையகம் இருக்கிறது. வாசலில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். (திறந்திருக்கும் நேரத்தை நகராட்சி இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.) உள்ளே நுழைந்து மேலே பாருங்கள். தாழ்ந்த வளைவுக் கூரை முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சும் காவியுமாகப் பூக்கள், ஒரு விரற்கடை இடைவெளி இல்லாமல். ஒருகாலத்தில் இருண்ட நிலவறையாக இருந்த இந்த முன்கூடத்துக்கு வெளிச்சம் தருவதற்காக ஆகுஸ்டோ ஜியாகொமெட்டி 1920களில் தீட்டியது. ஊர்மக்கள் இதைப் பூக்கூடம் என்கிறார்கள். போலீஸ் நிலையத்துக்குள் இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே பெரும்பாலான பயணிகள் ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் லிண்டன்ஹோஃப். ரோமானியர் கோட்டை இருந்த இடம். இப்போது லிண்டன் மரங்களும், தரையில் ஆளுயரத்தில் பாதி இருக்கும் சதுரங்கக் காய்களும், அதைச் சுற்றி வாதாடிக்கொண்டு நிற்கும் பெரியவர்களுமாக ஒரு மொட்டை மாடி போன்ற திடல். நடுவே உள்ள நீரூற்றின் மேல் தலைக்கவசம் அணிந்த பெண் சிலை நிற்கும். 1292இல் ஹாப்ஸ்பர்க் படை நகரத்தை முற்றுகையிட்டபோது, ஆண்கள் போருக்குப் போயிருந்த வேளையில், பெண்கள் கவசம் பூண்டு இந்த மேட்டில் அணிவகுத்து நின்றார்களாம். கீழிருந்து பார்த்த பகைவர், உள்ளே பெரும்படை இருக்கிறதென்று பின்வாங்கினார்களாம். கதைதான், ஆனால் அந்தச் சுவரோரம் நின்று ஆற்றைப் பார்க்கும்போது எப்படி ஏமாந்திருப்பார்கள் என்று புரியும்.

கீழே இறங்கும் சந்துகளில் புனித பேதுரு ஆலயம். அதன் கடிகார முகம் 8.7 மீட்டர் குறுக்களவு, ஐரோப்பாவின் தேவாலயக் கடிகாரங்களில் மிகப் பெரியது. அதைத் தாண்டினால் ஃபிராவ்மூன்ஸ்டர். 853இல் மன்னர் லூயி நிறுவிய கன்னியர் மடம். இங்கே 5 பிராங்க் கட்டணம் உண்டு, அதைத் தயங்காமல் கொடுங்கள். மார்க் ஷகால் 1970இல் செய்து கொடுத்த ஐந்து நெடிய கண்ணாடிச் சாளரங்கள் பீடத்தைச் சுற்றி நிற்கின்றன. நீலம், மஞ்சள், நடுவில் பச்சை. வெயில் உள்ள காலையில் போனால் நிறம் தூண்களின் மேல் விழும். உட்கார இருக்கை இருக்கிறது, அவசரப்படுத்த யாரும் இல்லை. தனியாகப் போவதன் சௌகரியம் இதுதான்: கூட வந்தவர் கால் மாற்றி நிற்கிறாரே என்று எழுந்திருக்க வேண்டியதில்லை.

பாலத்தைக் கடந்தால் இரட்டைக் கோபுர கிராஸ்மூன்ஸ்டர். 1519இல் ஸ்விங்க்லி என்ற பாதிரியார் இங்கே பிரசங்கம் செய்யத் தொடங்கியதிலிருந்துதான் ஸ்விஸ் மதச் சீர்திருத்தம் பிறந்தது. நுழைவு இலவசம், கோபுரம் ஏறத்தான் காசு. பீடத்தின் பின்னால் உள்ள மூன்று சாளரங்கள் காலையில் பூக்கூடத்தில் பார்த்த அதே ஆகுஸ்டோவுடையவை. மேற்குப் பக்கத்தில் சிக்மார் போல்கே 2009இல் அமைத்த சாளரங்களைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். வண்ணக் கண்ணாடி என்று நினைத்தது உண்மையில் அகேட் கல்லை மெல்லிய வில்லைகளாகச் சீவி அடுக்கியது. ஒவ்வொரு வில்லையிலும் மர வளையம் போல் கோடுகள் ஓடும்.

அதற்குப் பின்னால் ஷ்பீகல்காஸே என்ற ஒடுக்கமான ஏற்றம். முதலாம் எண் வீட்டில் 1916இல் ‘டாடா’ (Dada) என்ற கலை இயக்கம் தொடங்கியது. சில அடி மேலே 14ஆம் எண்ணில், அதே காலத்தில், லெனின் குடியிருந்தார். 1917இல் ரயிலேறி ரஷ்யா போகும் வரை அவர் வாழ்ந்த வீடு. சுவரில் கல்வெட்டு இருக்கும். நீடர்டோர்ஃப் சந்துகள் வழியாக ‘சென்ட்ரல்’ என்ற சதுக்கத்துக்கு வந்து, 1889 முதல் ஓடும் பாலிபான் என்ற சிவப்பு இழுவை ரயிலில் ஏறினால், உங்கள் 110ஆம் மண்டல டிக்கெட்டிலேயே ஐன்ஸ்டைன் படித்த ஈடிஎச் பல்கலைக்கழகத்தின் மேல்தளத்துக்குப் போய்விடலாம். நகரத்துக் கூரைகள், கோபுரங்கள், தெளிவான நாளில் ஏரிக்கு அப்பால் ஆல்ப்ஸ் எல்லாம் அங்கிருந்து தெரியும்.

கடைசிக்கு முந்தைய நாள்: மலை

யுங்ஃப்ராவ்யோக் என்ற பனிமலைக்குப் போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போக வர 200 பிராங்குக்கு மேல், பயணம் மட்டுமே பாதி நாளுக்கு மேல், மேலே மேகம் மூடியிருந்தால் வெள்ளைச் சுவர்தான் காட்சி. பயணத்தின் நடுவில், வானிலை பார்த்து நாளை மாற்றிக்கொள்ள முடிகிறபோது போக வேண்டிய இடம் அது. கடைசி நாட்களில் மாற்று நாள் கிடையாது. ஊட்லிபெர்க் போங்கள்.

எச்பியின் கீழ்த்தளத்திலிருந்து எஸ்10 ரயில். அரை மணி நேரத்துக்குள் மேலே போய்விடும். டிக்கெட்டில் ஊட்லிபெர்க் என்று குறிப்பிட்டே வாங்குங்கள், நகர டிக்கெட் செல்லாது. மலைநடை முடித்து ஃபெல்செனெக் வழியாக இறங்குவதற்கென்றே ‘ஆல்பிஸ் டாகெஸ்கார்ட்டே’ என்ற நாள் டிக்கெட் இருக்கிறது, ரோப்காரும் அதில் சேர்த்தி. நிலையத்திலிருந்து பத்து நிமிட ஏற்றத்தில் உச்சி, 870 மீட்டர். நவம்பர், டிசம்பரில் நகரம் முழுக்கச் சாம்பல் மூடுபனியில் கிடக்கும்போது சில நாட்களில் இந்த உச்சி மட்டும் பனிக்கு மேலே வெயிலில் இருக்கும். கிளம்பும் முன் வெப்கேமராவில் ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும்.

உச்சியோடு திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து ஃபெல்செனெக் வரை முகட்டிலேயே கோள்களின் பாதை போகிறது. சூரிய மண்டலத்தை நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் வைக்கும் ஒவ்வொரு மீட்டரும் பத்து லட்சம் கிலோமீட்டர். தொடக்கத்தில் சூரியன் ஓர் ஆளைவிடச் சற்றுக் குட்டையான உருண்டை. 150 மீட்டர் நடந்தால் பூமி, ஒரு கோலிக்குண்டைவிடச் சற்றே சிறிது. செவ்வாய் வரைக்கும் மளமளவென்று வந்துவிடும், அதன் பிறகு கோள்களுக்கு நடுவே நடை நீண்டுகொண்டே போகும். நெப்டியூனுக்கு நாலரை கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும், பெரும்பாலும் சமதளம், விளையாட்டுக் காலணி போதும். இடது பக்கம் முழுக்க ஏரி. மஞ்சள் பலகைகள் வழி காட்டும், எதிரே வருபவர்கள் ‘க்ரூட்ஸி’ என்பார்கள், நீங்களும் சொல்லுங்கள்.

ஃபெல்செனெக்கிலிருந்து ரோப்காரில் ஆட்லிஸ்வில் இறங்கி, எஸ்4 ரயிலில் நகரம் திரும்பலாம். ஆட்லிஸ்விலில் ஈழத்தமிழர் நடத்தும் சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. நடை திறக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு போனால் குன்றிறங்கி வந்து முருகனைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். கோபுரத்தைத் தேடாதீர்கள். இந்த நாட்டில் நம் கோயில்கள் பலவும் சாதாரணத் தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்குள்தான் இருக்கின்றன.

கோடையில் வந்திருந்தால் மாலையை நீருக்குக் கொடுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தேசிய அருங்காட்சியகத்தின் பக்கத்திலிருந்து ஏரி வரை லிம்மாட் ஆற்றில் தட்டையான கண்ணாடிப் படகு போகும், நகர டிக்கெட்டே போதும். பெருமழைக்குப் பின் நீர்மட்டம் ஏறினால் தாழ்ந்த பாலங்களுக்குக் கீழே படகு நுழைய முடியாது, அப்போது சேவை மாறும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு ஓபெரர் லெட்டனில் ஆற்றுக் குளியல் இலவசம். இழுவை இருக்கும், கரையேறும் படிகளை முதலில் பார்த்து வைத்துக்கொண்டு இறங்குங்கள். தெரியாதவர்கள் மரத்தளத்தில் உட்கார்ந்து காலை நனைக்கலாம். பாஸ்போர்ட், பெரிய பணம் எதையும் அன்று எடுத்துப் போக வேண்டாம்.

வாங்குவதும் வரியும்

சாக்லேட்டை விமான நிலையத்தின் பளபளப்பான கடைகளில் வாங்காதீர்கள். மிக்ரோவில் ஃப்ரை, கூப்பில் காய்யே, ராகூசா, லிண்ட் எல்லாம் அன்றாட விலையில் கிடைக்கும், அடிக்கடி மூன்று சேர்ந்த கட்டில் தள்ளுபடியும் உண்டு. ஊரில் பங்கிட வேண்டியது கட்டிச் சாக்லேட்தான். ஸ்புரூங்லி கடையின் லுக்செம்புர்கெர்லி என்ற குட்டி மக்ரோன் பலகாரம் சில நாள்தான் தாங்கும், ஒன்றிரண்டு வாங்கி இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். சாக்லேட்டைக் கைப்பையில் வையுங்கள், தடையில்லை. குழைவாகத் தடவும் வகை மட்டும் திரவக் கணக்கில் சேரும். விக்டோரினாக்ஸ் கத்தி வாங்கினால் அது கட்டாயம் செக்-இன் பெட்டிக்குள். பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கினால் திரும்பக் கிடைக்காது.

வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது பற்றி நிறையக் குழப்பம் உண்டு. ஒரே கடையில் வரி உட்பட 300 பிராங்குக்கு மேல் வாங்கினால்தான் கேட்க முடியும். வாங்கும்போதே படிவம் கேளுங்கள், எல்லாக் கடைகளும் தருவதில்லை. பொதுப் பொருட்களுக்கு வரி 8.1 சதவீதம், உணவுப் பொருளுக்கு வெறும் 2.6. ஆகவே கடிகாரம் வாங்கியவர் வரிசையில் நிற்கலாம். 300 பிராங்க் சாக்லேட் வாங்கியவருக்கு ஏழரை பிராங்க்கூட முழுதாகத் தேறாது, கையாளும் கட்டணத்தைக் கழித்துவிடுவார்கள். பொருளைப் பெட்டியில் போட்டு அனுப்புவதாக இருந்தால், பெட்டியை ஒப்படைக்கும் முன் சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. பாரிஸிலோ மிலானிலோ வாங்கிய பொருளுக்கு ஜூரிச் விமான நிலையச் சுங்கம் முத்திரை போடாது. ஒன்றியத்தை விட்டு வெளியேறும் எல்லையிலேயே போட்டிருக்க வேண்டும். ரயிலில் ஸ்விட்சர்லாந்துக்குள் வரப்போகிறவர்கள் எல்லை நிலையத்தில் இறங்கிச் சுங்கத்துக்குப் போக நேரம் ஒதுக்குங்கள்.

மிச்சக் காசு

ஏடிஎம்மிலும் கடை எந்திரத்திலும் ‘ரூபாயில் கழிக்கவா, பிராங்கிலா’ என்று கேட்கும். எப்போதும் பிராங்க். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதம்தான்.

நாணயங்களை ஊரில் எந்த மாற்றுக் கடையும் வாங்காது. 5 பிராங்க் நாணயம் ஒன்றே ஐந்நூறு ரூபாய்க்கு மேல் என்பதால் இது சின்ன விஷயமில்லை. கடைசி நாளுக்கு முந்தைய மாலையே எல்லாச் சில்லறையையும் கொட்டி எண்ணுங்கள். டிக்கெட் எந்திரங்கள் நாணயம் வாங்கும், விமான நிலைய டிக்கெட்டை அதில் எடுத்துவிடுங்கள். மீதியைச் சூப்பர் மார்க்கெட்டில் கொடுத்து, குறையை மட்டும் கார்டில் போடச் சொல்லலாம்.

உறவினரோ நண்பரோ முந்தைய பயணத்தில் மிஞ்சிய நோட்டுகளைக் கொடுத்து அனுப்பியிருந்தால் எடுத்துப் பாருங்கள். 100 பிராங்க் நோட்டில் ஆல்பெர்ட்டோ ஜியாகொமெட்டியின் முகம் இருந்தால் அது பழைய வரிசை. 2021 ஏப்ரல் 30உடன் அவை வாபஸ் பெறப்பட்டன, கடையில் வாங்க மாட்டார்கள். ஆனால் பணம் போய்விடவில்லை. ஃபிராவ்மூன்ஸ்டர் பக்கத்தில் உள்ள ஸ்விஸ் தேசிய வங்கி முழு மதிப்புக்கு மாற்றித் தரும், கால வரம்பு கிடையாது. வார நாட்களில் மட்டும்தான்.

கிளம்பும் நாள்

விடுதியில் பத்து, பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், விமானம் இரவில் இருக்கும். பெட்டியை விடுதியிலேயே வைத்துக்கொள்வார்களா என்று முந்தைய நாளே கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இல்லையென்றால் எச்பியின் கீழ்த்தளத்தில் லாக்கர்கள் உள்ளன. நிலையத்துக் கழிப்பறைக்குக் காசு. நகராட்சியின் ‘ஸூரி வேட்சே’ கழிப்பறைகள் பல இடங்களில் இலவசம், சுத்தமாகவும் இருக்கும்.

எச்பியிலிருந்து விமான நிலையத்துக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், சுமார் 7 பிராங்க். டாக்ஸிக்கு அதைப்போல் பல மடங்கு கொடுக்க ஒரு காரணமும் இல்லை. விமான நிலையத்துக்குள் மிக்ரோவும் கூப்பும் வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும். பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே இரவுச் சாப்பாட்டை அங்கே வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள். காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போய் நிரப்பிக்கொள்ளலாம்.

நெடுந்தூர விமானங்கள் பலவும் ‘ஈ’ வாயில்களிலிருந்து புறப்படும். அங்கே போக நிலத்தடி ரயிலில் ஏற வேண்டும். சுரங்கத்துக்குள் மாட்டுமணி ஓசையும் யோடல் பாட்டும் ஒலிக்கும், சுவரில் படங்கள் ஓடும். குடிவரவு வரிசையையும் சேர்த்து இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும், மூன்று மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள். ஷெங்கன் எல்லையின் புதிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை 2025 இறுதியில் இந்த விமான நிலையத்துக்கும் வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் முத்திரைக்குப் பதில் கணினியில் பதிகிறார்கள். அதனால் போர்டிங் பாஸை ஊர் போனதும் கிழித்துப் போடாமல், படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த விசா விண்ணப்பத்தில் எப்போது வெளியேறினீர்கள் என்று கேள்வி வந்தால் காட்ட உதவும்.